கால்சியம் டைகுளோரைடுன்னு எழுதின வகுப்பு: பிளஸ் ஒன் பிணைப்பு ரிவிஷன், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சின்ன டவுன்ல இருக்குற ஒரு அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன் பயாலஜி குரூப், கெமிஸ்ட்ரி எடுக்குறது நான். காலாண்டு முடிஞ்சு லீவு விட்டு வந்ததும் ரெண்டாவது வால்யூம் தொடங்கணும். அதுல வேதிப் பிணைப்புகள் பாடம் பெருசு, லூயிஸ் அமைப்பு, விஎஸ்இபிஆர், இனக்கலப்பு, மூலக்கூறு ஆர்பிட்டால்னு நீண்டுக்கிட்டே போகும். ஆனா இந்த பசங்க பிணைப்பைப் பத்தி தனிப் பாடமா கடைசியா படிச்சது ஒன்பதாம் வகுப்புல. அதுவும் சுத்துப்பட்டு ஹைஸ்கூல்கள்ல இருந்து வந்து சேர்ந்தவங்க, பல பேர் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இங்க வந்து இங்கிலீஷ் மீடியம், அதனால ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா கத்துக்கிட்டு வந்திருந்தாங்க.

பாடத்துக்கு முன்னாடி கொஞ்சம் பீரியட் ரிவிஷனுக்குன்னு ஒதுக்கினேன். எங்க பக்கம் வழக்கமா இதுக்கு பண்றது, இணைதிறன் அட்டவணையை போர்டுல எழுதி, ரெண்டு தனிமத்தோட இணைதிறனையும் குறுக்கே மாத்திப் போட்டு பார்முலா எழுதுறதை ஒரு தடவை காட்டி, கொஞ்சம் சேர்மம் பேரைக் குடுத்து மறுநாள் டெஸ்ட் வைக்கிறது. இந்த தடவை அதைத் தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர் குடுத்தேன். மார்க் கிடையாது, எதுலயும் ஏறாது, தெரிஞ்சதை எழுதுங்க, தெரியலைன்னா என்ன தோணுதோ அதை எழுதுங்கன்னு சொன்னேன். பாதி கேள்வி பார்முலா குடுத்து பேர் கேக்குறது, பாதி பேர் குடுத்து பார்முலா கேக்குறது. அயனிச் சேர்மம் (எலக்ட்ரானைக் குடுத்து வாங்கி மின்சுமை ஏறின அயனிகள் சேர்ந்தது), சகப்பிணைப்புச் சேர்மம் (எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிட்டது) ரெண்டையும் பிரிக்காம கலந்து வெச்சேன். புக்ல அடிக்கடி வராத ஸ்ட்ரான்சியம் புரோமைடு மாதிரி ஒண்ணு ரெண்டும் வேணும்னே சேர்த்தேன், ஏன்னா மனப்பாடத்துல இருக்குறதுக்கும் புரிஞ்சு எழுதுறதுக்கும் வித்தியாசம் அங்கதான் தெரியும்.

பேப்பர்ல தெரிஞ்சது

சோடியம் குளோரைடு, கார்பன் டைஆக்சைடு, தண்ணி, இதெல்லாம் எல்லாரும் சரி. அதைத் தாண்டினா தப்பு வருது, ஆனா கண்டபடி வரல, ஒரே மாதிரி தப்பு பல பேப்பர்ல திரும்பத் திரும்ப வருது.

சிஏசிஎல்2க்கு கால்சியம் டைகுளோரைடுன்னு பாதிக்கு மேல எழுதி இருந்தாங்க. எஃப்இசிஎல்2, எஃப்இசிஎல்3 ரெண்டுக்கும் அயர்ன் குளோரைடுன்னு ஒரே பேர். அம்மோனியம் சல்பேட்டுக்கு அடைப்புக்குறி இல்லாம என்எச்42எஸ்ஓ4னு எழுதினவங்க நிறைய, அதை அப்படியே படிச்சா நாப்பத்திரெண்டு ஹைட்ரஜன்னு ஆயிடும். மெக்னீசியம் ஆக்சைடுக்கு எம்ஜி2ஓ2ன்னு மாத்திப் போட்டுட்டு அப்படியே விட்டவங்க கொஞ்சம் பேர்.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது வேற ஒரு தப்பு. ஒரு பையன் எம்ஜி2ஓ2ன்னு எழுதி, அதைச் சுருக்கி எம்ஜிஓன்னு சரியா முடிச்சிருந்தான். அதே பையன் டைநைட்ரஜன் டெட்ராக்சைடுன்னு பேர் குடுத்த கேள்விக்கு என்2ஓ4ன்னு சரியா எழுதிட்டு, அதையும் ரெண்டால வகுத்து என்ஓ2ன்னு விடையா போட்டிருந்தான். ஹைட்ரஜன் பெராக்சைடையும் எச்ஓன்னு சுருக்கி இருந்தான். கணக்கா பார்த்தா மூணு இடத்துலயும் அவன் பண்ணது ஒரே வேலை, ஆனா ஒரு இடத்துல சரி, ரெண்டு இடத்துல பொருளே மாறிப் போச்சு. என்2ஓ4 நிறமில்லாதது, என்ஓ2 பழுப்பு நிற வாயு, ரெண்டும் வேற வேற மூலக்கூறு. சுருக்குறது எங்க செல்லும் எங்க செல்லாதுங்குறது அவனுக்குத் தெரியல, அது தெரியணும்னா உள்ள என்ன பிணைப்பு இருக்குன்னு தெரியணும்.

ரெண்டு பேர் கூட பேசினது

பேப்பரைத் திருத்தி குடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பையனையும், ஏறக்குறைய எல்லாம் சரியா எழுதின ஒரு பொண்ணையும் தனித்தனியா மத்தியான இடைவேளையில கூப்பிட்டு உக்கார வெச்சு கேட்டேன், எப்படி யோசிச்சு எழுதினீங்கன்னு மட்டும்.

பையன்கிட்ட கால்சியம் டைகுளோரைடு பத்தி கேட்டப்ப அவன் தயங்கவே இல்ல. “ரெண்டு குளோரின் இருக்கு, அப்ப டை வரணும்ல மிஸ்? கார்பன் டைஆக்சைடுக்கு போடுறோமே, இதுக்கு மட்டும் ஏன் போடக் கூடாது?” இதுல சோம்பேறித்தனமோ கவனக்குறைவோ எதுவும் இல்ல, தெரிஞ்ச ஒரு நல்ல உதாரணத்தை எடுத்து எல்லா இடத்துலயும் ஒழுங்கா பொருத்தி இருக்கான். கார்பன் டைஆக்சைடு சின்ன கிளாஸ்ல இருந்தே காதுல விழுற பேரு, அதுவே அவங்களுக்கு பேர் வைக்குற விதியா ஆயிடுச்சு.

அந்தப் பொண்ணு வேற மாதிரி. எல்லாம் சரியா இருந்துச்சு, ஸ்ட்ரான்சியம் புரோமைடை மட்டும் எழுதாம விட்டிருந்தா. ஏன்மான்னு கேட்டா, “அது அட்டவணையில நான் படிக்கல மிஸ். மத்ததெல்லாம் மனப்பாடம்.” கால்சியத்துக்கு கீழ அதே தொகுதியில இருக்குற தனிமம்தானேன்னு சொன்னதும் உடனே எழுதிட்டா. ஆக அவளுக்கு தெரிஞ்சது நிறைய, ஒண்ணோட ஒண்ணு சேரல, அவ்வளவுதான்.

ரெண்டு பேரையும் உப்பு எப்படி இருக்கும்னு படம் வரையச் சொன்னேன். ரெண்டு பேருமே ஒரு சோடியம், பக்கத்துல ஒரு குளோரின், நடுவுல எலக்ட்ரான் தாவுற அம்புக்குறி, அத்தோட முடிச்சாங்க. புக்ல பார்த்த படம் அதுதான். ஒரு கல்லுப்பு எடுத்தா அதுல இந்த ஜோடி எத்தனை இருக்கும்னு கேட்டேன், நிறைய ஜோடி தனித்தனியா இருக்கும்னு சொன்னான் பையன். எலக்ட்ரானை எந்த குளோரினுக்கு குடுத்துச்சோ அது கூட மட்டும்தான் சோடியம் பிணைஞ்சிருக்கும்னு பிள்ளைங்க நினைக்குறதை பத்தி கேம்பிரிட்ஜ்ல கெமிஸ்ட்ரி கல்வி ஆராய்ச்சி பண்ண கீத் டேபர் 1990கள்லயே எழுதி இருக்கார். அதே எண்ணம் எங்க பெஞ்ச்லயும் இருந்துச்சு.

எடுத்த முடிவும் காரணமும்

இதுக்கு மேல இன்னும் நிறைய சேர்மங்களோட பேரை எழுத வெச்சா பிரயோஜனம் இல்லைன்னு எனக்கு பட்டுச்சு. பேரை கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டு முதல்ல பிணைப்பு, அது தெளிவான பிறகு பேர்னு வரிசையை மாத்தினேன்.

ஸ்டாஃப் ரூம்ல இதுக்கு எதிர்ப்பும் இருந்துச்சு. எங்க சீனியர் சார் ஒருத்தர், பல வருஷ அனுபவம் உள்ளவர், “போர்ஷன் ஓடாதும்மா, அட்டவணையை ஒப்பிக்க வைங்க, மார்க் வந்துரும்”னார். அவர் சொன்னதுல பாதி நூத்துக்கு நூறு உண்மை. நைட்ரேட், சல்பேட், கார்பனேட், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு, அம்மோனியம், இதோட பேரும் மின்சுமையும் யோசிச்சு கண்டுபிடிக்குற விஷயம் இல்ல, மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும், அது தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு அழகா பிணைப்பு நடத்தினாலும் பேர் வராது. அதனால அயனிகள் பட்டியலை ஒப்பிக்குறதை அப்படியே வெச்சுக்கிட்டேன், சேர்மங்களோட பேரை ஒப்பிக்குறதை மட்டும் நிறுத்தினேன்.

வகுப்புக்கு சொல்ல வேண்டியதை ஒரே வரியில சுருக்கிக்கிட்டேன். பேரைப் படிக்குறவங்க பார்முலாவை சந்தேகம் இல்லாம எழுத முடியணும், அவங்களால தானா கண்டுபிடிக்க முடியாததை மட்டும் பேர்ல சொன்னா போதும். கால்சியம்னா எப்பவும் ரெண்டு நேர்மின்சுமை, குளோரைடுன்னா ஒரு எதிர்மின்சுமை, அப்ப ரெண்டு குளோரைடு தவிர வேற வழி இல்ல, அதனால சொல்லத் தேவையில்ல. இரும்பு ரெண்டாவும் இருக்கும் மூணாவும் இருக்கும், அதனால எந்த மின்சுமைன்னு சொல்லணும், அதுக்குத்தான் ரோமன் எண். நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தா என்2ஓ, என்ஓ, என்2ஓ3, என்ஓ2, என்2ஓ4, என்2ஓ5ன்னு வரிசையா இருக்கு, அங்க மின்சுமையை வெச்சு ஊகிக்க முடியாது, அதனால எண்ணிக்கையையே சொல்லணும். வேதிப் பேர்களுக்கு உலக அளவுல விதி வகுக்குற ஐயுபிஏசி அமைப்போட 2005 பரிந்துரையும் இதையேதான் சொல்லுது, சந்தேகத்துக்கு இடம் இல்லாத இடத்துல எண்ணிக்கை முன்னொட்டு தேவையில்லைன்னு. அதனால கால்சியம் டைகுளோரைடுங்குறதை பெரிய குத்தம்னு வகுப்புல நான் சொல்லல, தேவையில்லாததுன்னு சொன்னேன், பரீட்சையில கால்சியம் குளோரைடுன்னுதான் எழுதணும்னும் சொன்னேன்.

வகுப்பு நடந்த விதம்

முதல்ல கல்லுப்பு. சோடியத்தைச் சுத்தி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுத்தியும் ஆறு சோடியம், இப்படியே எல்லா பக்கமும் போகும், அதுல இது ஒரு மூலக்கூறுன்னு தனியா பிரிச்சு எடுக்க எதுவும் இல்லைன்னு போர்டுல வரைஞ்சேன். நம்ப முடியலைன்னு முகத்துலயே தெரிஞ்சுச்சு. அப்ப ஹென்றி ஆம்ஸ்ட்ராங் கதையைச் சொன்னேன். பிராக் அப்பாவும் மகனும் 1913ல எக்ஸ்ரே வெச்சு உப்போட அமைப்பைக் கண்டுபிடிச்சு, 1915ல நோபல் பரிசும் வாங்கிட்டாங்க, அதுக்கு பல வருஷம் கழிச்சு 1927ல இங்கிலாந்துல பெரிய கெமிஸ்டா இருந்த ஆம்ஸ்ட்ராங் நேச்சர் இதழுக்கு கோபமா லெட்டர் எழுதினார், செஸ் போர்டு மாதிரி அடுக்கி வெச்சுட்டு மூலக்கூறே இல்லைன்னு சொல்றதை ஏத்துக்க முடியாதுன்னு. அவர் சாதாரண ஆள் இல்ல, பிள்ளைங்க தானே செஞ்சு பார்த்து சயின்ஸ் கத்துக்கணும்னு போராடின ஆசிரியர். அவ்வளவு பெரியவருக்கே கஷ்டமா இருந்த விஷயம்னு தெரிஞ்சதும் வகுப்புல கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க.

அங்க இருந்து எம்ஜிஓ, என்2ஓ4 வித்தியாசத்துக்கு வந்தோம். உப்பு மாதிரி அடுக்குல பார்முலா சொல்றது விகிதம் மட்டும்தான், அதனால சுருக்கலாம். என்2ஓ4ங்குறது ஒரு மூலக்கூறுக்குள்ள நிஜமா இருக்குற அணுக்களோட எண்ணிக்கை, அதுல கை வெச்சா ஆளே மாறிடும். அந்தப் பையன் தானாவே தன் பேப்பரை எடுத்து எச்ஓவை அடிச்சுட்டு எச்2ஓ2ன்னு எழுதினான், நான் எதுவும் சொல்லல.

மின்சுமைக்கு சார்ட் பேப்பர்ல பட்டை வெட்டி குடுத்தேன். ஒரு மின்சுமைக்கு ஒரு கட்டம், சோடியம் ஒரு கட்டம், மெக்னீசியம் ரெண்டு, அலுமினியம் மூணு, எதிர்மின் அயனிகளுக்கும் அதே மாதிரி வேற கலர்ல. நேர்மின் பட்டைங்க மேல ஒரு வரிசை, எதிர்மின் பட்டைங்க கீழ ஒரு வரிசை, ரெண்டும் ஒரே நீளத்துல முடியணும். மெக்னீசியத்துக்கு கீழ ஒரே ஒரு ஆக்சைடு வெச்சதுமே முடிஞ்சுருது, எம்ஜி2ஓ2ன்னு எழுத இடமே இல்ல. அலுமினியம் ஆக்சைடுக்கு ரெண்டு மூணு-கட்டமும் மூணு ரெண்டு-கட்டமும் சேர்ந்து ஆறுல முடியும்போது பின் பெஞ்ச்ல சத்தமே வந்துச்சு. சல்பேட் பட்டையை ஒரே துண்டா வெட்டி இருந்தேன், கத்தரிக்கோல் போடக் கூடாதுன்னு சொல்லி. அம்மோனியமும் ஒரே துண்டு, அது ரெண்டு வேணும்னா அடைப்புக்குறி போட்டுத்தான் ரெண்டுன்னு எழுத முடியும்னு கைக்கே புரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம்தான் பேர். லேப்ல இருந்து பாட்டில்களை எடுத்துட்டு வந்து டேபிள்ல வெச்சேன். பெரஸ் சல்பேட் பழைய பாட்டில் ஒண்ணு, உள்ள இளம்பச்சை படிகம், மேல இருக்குறது மட்டும் காத்து பட்டு துருக் கலர்ல மாறி இருந்துச்சு. அதே உப்போட புது பாட்டில்ல அயர்ன்னு போட்டு அடைப்புக்குறிக்குள்ள ரோமன் ரெண்டு, பிறகு சல்பேட் ஹெப்டாஹைட்ரேட். ரெண்டு லேபிளும் ஒரே பொருள்தான்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க, ரெண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு பெரஸ், மூணு இழந்தா பெரிக், மேல இருக்குற பழுப்பு அந்த மூணுக்கு மாறினது. பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு தடவை குடுக்குற நீல கலர் இரும்பு மாத்திரையோட அட்டையிலயும் பெரஸ் சல்பேட்னு இருக்கும்னு ஒரு பொண்ணு சொன்னா.

வீட்டுல இருந்து ஓஆர்எஸ் பாக்கெட் கொண்டு வரச் சொல்லி இருந்தேன். சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, குளுக்கோஸ், அத்தோட ட்ரைசோடியம் சிட்ரேட். அதைப் பார்த்ததும் நடு பெஞ்ச்ல இருந்து ஒரு பையன் எழுந்துட்டான், “மிஸ், அயனிச் சேர்மத்துக்கு முன்னொட்டு வேண்டாம்னீங்க, இதுல ட்ரை இருக்கே?” இப்படி கேள்வி வரணும்னுதான் பாக்கெட்டையே கேட்டிருந்தேன். சிட்ரிக் அமிலத்துல விடக்கூடிய ஹைட்ரஜன் மூணு இருக்கு, ஒண்ணை மட்டும் சோடியம் பிடிக்கலாம், ரெண்டை பிடிக்கலாம், மூணையும் பிடிக்கலாம், அதனால சொன்னாத்தான் தெரியும். விதி உடையல, இன்னும் உறுதியாச்சு.

சிக்கின இடங்கள்

உலோகம் இருந்தா அயனி, இல்லைன்னா சகப்பிணைப்புன்னு ஒரு குறுக்குவழியை பசங்களே போட்டுக்கிட்டாங்க, பெரும்பாலும் வேலை செய்யுது. ஆனா அம்மோனியம் குளோரைடுல உலோகமே இல்ல, அயனிச் சேர்மம்தான். வடை மாவுல போடுற சமையல் சோடாவுலயும் வெத்தலைக்கு தடவுற சுண்ணாம்புலயும் அயனிப் பிணைப்பும் இருக்கு, அந்த அயனிக்குள்ளேயே சகப்பிணைப்பும் இருக்கு. நீரில்லா அலுமினியம் குளோரைடு இன்னும் சிக்கல், மெக்னீசியம் குளோரைடு உருக 714 டிகிரி செல்சியஸ் வேணும், இது 180 டிகிரி பக்கமே பதங்கமாயிடும், உலோகம் இருந்தும் சகப்பிணைப்பு குணம் தூக்கலா இருக்கு. இதை, அயனிச் சேர்மத்துல சகப்பிணைப்பு குணம் எப்ப கூடும்னு சொல்ற பஜன்ஸ் விதி வரும்போது பார்ப்போம்னு நோட்டுல ஓரமா எழுத வெச்சு விட்டுட்டேன், ரிவிஷன்ல அதை அவிழ்த்தா முடியாது. சோடியம் பெராக்சைடை மட்டும் பட்டையில காட்டினேன், ரெண்டு ஆக்சிஜன் சேர்ந்த ஒரே துண்டு, அதனால அயனிச் சேர்மமா இருந்தும் என்ஏ2ஓ2வை சுருக்க முடியாது.

டைட்டானியம் டைஆக்சைடு, மாங்கனீஸ் டைஆக்சைடுன்னு கடையிலயும் பாட்டில்லயும் வழக்கமா புழங்குதேன்னு கேட்டாங்க. ரெண்டு உலோகமும் பல ஆக்சிஜனேற்ற நிலையில இருக்கும், ரோமன் நாலு போடுறதும் டை போடுறதும் ரெண்டு வழி, ரெண்டுலயும் சந்தேகம் தீருதுன்னு சொன்னதோட அது நின்னுச்சு.

பின்னாடி என்ன ஆச்சு

சில வாரம் கழிச்சு, பாடம் பாதி ஓடின பிறகு, சொல்லாம கொள்ளாம அதே மாதிரி ஒரு பேப்பர் குடுத்தேன், சேர்மங்கள் மட்டும் வேற. கால்சியம் டைகுளோரைடு வகை தப்பு அநேகமா காணாம போச்சு. சகப்பிணைப்பு பார்முலாவை வகுத்துச் சுருக்குறது ஒண்ணு ரெண்டு பேர்கிட்டதான். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஏன்னு ஒரு கட்டம் குடுத்திருந்தேன், அதுல அந்தப் பையன் பேரியம் அயோடைடுக்கு “பேரியம் எப்பவும் ரெண்டு, அதனால சொல்ல வேண்டாம்”னு எழுதி இருந்தான். அந்தப் பொண்ணு இந்த தடவை தெரியாத தனிமத்தையும் விடாம எழுதினா.

ஆனா புதுசா ஒரு தப்பு முளைச்சுச்சு. பிசிஎல்5க்கு பாஸ்பரஸ் குளோரைடுன்னு, முன்னொட்டு வேண்டிய இடத்துலயும் விட்டுட்டாங்க சில பேர். வேண்டாம் வேண்டாம்னு நாங்க பேசினதே அதிகம் காதுல நின்னிருக்கு. பெரஸ், பெரிக் குழப்பமும் முழுசா போகல, செம்புக்கு வர்ற கியூப்ரஸ் கியூப்ரிக் சேரும்போது இன்னும் கூடிச்சு. அயனிகள் பட்டியலை ஒப்பிக்காத பிள்ளைங்க பழைய இடத்துலயே இருந்தாங்க, சீனியர் சார் சொன்னது அங்க அப்படியே பலிச்சுச்சு.

பாடத்துக்குள்ள ஒரு நன்மை தெரிஞ்சுச்சு. கார்பனேட் அயனிக்கு லூயிஸ் அமைப்பு வரையும்போது கால்சியத்துல இருந்து ஆக்சிஜனுக்கு கோடு இழுக்குறது வழக்கமா நிறைய வரும், இந்த தடவை குறைவு, அடைப்புக்குறிக்குள்ள அயனியை தனியா வரைஞ்சு வெளிய மின்சுமை போட்டாங்க. போர்ஷன் கொஞ்சம் பின்தங்கிச்சு, இனக்கலப்பு நடத்தும்போது அதை ஈடுகட்ட முடிஞ்சுது.

அடுத்த வருஷம் மாத்தப் போறது

அயனிகள் பட்டியலை ரிவிஷன் வரைக்கும் காத்திருக்க விட மாட்டேன், பிளஸ் ஒன் தொடங்கின மாசத்துல இருந்தே தினம் ரெண்டு மூணு அயனி, அட்டெண்டன்ஸ் எடுக்குற நேரத்துல. இதை சீனியர் சார்கிட்ட சொன்னேன், தன்கிட்ட இருக்குற பெரிய சார்ட்டை லேப் சுவத்துல மாட்டித் தரேன்னார்.

பிசிஎல்5 தப்புக்காக, கால்சியம் குளோரைடையும் பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடையும் முதல் நாள்ல இருந்தே பக்கத்துல பக்கத்துல வெச்சு கேக்கணும், முன்னொட்டு எங்க வேண்டாம்னு சொல்ற அதே மூச்சுல எங்க கட்டாயம் வேணும்னும் வந்துடணும். பெரஸ் பெரிக் பழைய பேர்களை ரோமன் எண் கைக்கு வந்த பிறகு, வேற ஒரு நாள்ல, பாட்டில்களோட மட்டும் எடுக்கலாம்னு இருக்கேன். ஏன்ங்குற கட்டத்தை முதல் பேப்பர்லயே வெச்சுடுவேன், அப்படி செஞ்சா ரெண்டு பேரை மட்டும் கூப்பிட்டு கேட்டது மொத்த வகுப்புக்கும் கிடைக்கும். எங்களுக்கு பிள்ளைங்களை அனுப்புற ஹைஸ்கூல்ல ஒன்பதாவது சயின்ஸ் எடுக்குற டீச்சர் ஒருத்தங்க கிட்டயும் பேசி இருக்கேன், அந்த ஒரு சோடியம் ஒரு குளோரின் படத்துக்கு பக்கத்துலயே ஆறு பேர் சூழ்ந்த அடுக்கையும் வரைஞ்சு காட்டுங்கன்னு, அவங்களும் வர ஜூன்ல இருந்து பண்றேன்னு சொல்லி இருக்காங்க, பட்டை வெட்டுறதுக்கு அளவும் வாங்கிட்டுப் போனாங்க.